பசித்தோரிடம் பறந்து சென்ற பிரபு

ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடல் நடுவே சாவோ தோமே என்றொரு சிறு தீவு உண்டு. 1968ஆம் ஆண்டில் அது போர்த்துக்கல்லின் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாத முற்பகுதியில் அங்கே பால்மா மூடைகளும், உலர்ந்த மீன் கட்டுகளும், மருந்துப் பெட்டிகளும் குவிந்து கிடந்தன. கடலுக்கு அப்பால், நைஜீரியாவிலிருந்து பிரிந்து பயாஃப்ரா எனத் தன்னை அழைத்துக்கொண்ட ஒடுங்கிய நிலப்பரப்பில், குழந்தைகள் நாள்தோறும் பசியால் மடிந்துகொண்டிருந்தனர். ஆயினும் விமானங்கள் புறப்படவில்லை. நைஜீரிய இராணுவத்தின் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வானத்தை மறித்து நின்றன. அதுவரை பறந்த விமானிகள் இனிப் பறக்க மாட்டோம் என்றிருந்தார்கள்.

இந்த வேளையில் சுவீடன் நாட்டு விமானி ஒருவர் தீவுக்கு வந்து சேர்ந்தார். வயது 58. ஓய்வைப் பற்றி எண்ண வேண்டிய பருவம். ஆகஸ்ட் 12ஆம் திகதி, நான்கு எஞ்சின் கொண்ட பெரிய விமானமொன்றில் ஏறக்குறைய 10 தொன் உணவையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். பீரங்கிகளுக்குத் தப்பும் வழியாக அவர் கண்டது, அலைகளையும் மரஉச்சிகளையும் உரசுவதுபோலத் தாழப் பறப்பது. மற்றவர்கள் இரவிலேயே அஞ்சிய பாதையில் அவர் பகல் வெளிச்சத்தில் சென்று, ஊலி என்ற இடத்தில் இறங்கி, சுமையை இறக்கிவிட்டுத் திரும்பினார். பாதை திறந்தது.

அவர் பெயர் கார்ல் குஸ்தாவ் வொன் றோசன். பிறப்பால் பிரபு. இவரது வாழ்வை ஒரே மூச்சில் புகழ்ந்து முடித்துவிட இயலாது. ஒன்பது மாதங்களின் பின் இதே மனிதர் இதே மண்ணின் மேல் ரொக்கெற் குண்டுகளைச் சுமந்து பறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர் 1909 ஆகஸ்ட் 19ஆம் திகதி சுவீடனில் பிறந்தார். தந்தை எரிக் வொன் றோசன் பிரபு, ஆபிரிக்காவெங்கும் சுற்றி ஆராய்ந்தவர், பெருஞ் செல்வர். 1918இல் பின்லாந்து தன் விடுதலைக்குப் பின்னான உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்தபோது, தம் செலவில் விமானமொன்றை வாங்கி அந்நாட்டுக்குக் கொடுத்தவர். பின்லாந்து விமானப்படையின் முதல் விமானம் அதுவே. அதன் இறக்கைகளில் தமக்கு நற்பேறு தரும் சின்னமென்று அவர் நம்பிய நீல நிறச் சுவஸ்திக்காவை வரைந்திருந்தார். ஹிட்லரின் கட்சி தோன்றாத காலம் அது. ஆனால் பின்னாளில் அந்தப் பிரபு நாசிக் கொள்கையின் பக்கமே சாய்ந்தார் என்பதும் உண்மை.

குடும்பத்தின் இன்னொரு உறவும் மகனின் வாழ்வைப் பின்தொடர்ந்தது. 1920ஆம் ஆண்டு மாரிகாலத்தில், பனிப்புயலுக்கிடையே எரிக் பிரபுவை அவரது மாளிகைக்கு விமானத்தில் கொண்டுவந்து சேர்த்தார் ஒரு ஜேர்மானிய விமானி. அந்த வீட்டில் பிரபுவின் மனைவியின் தங்கை கரின் என்பவரைக் கண்டு, பின்னர் அவரை மணமும் முடித்தார். அந்த விமானிதான் ஹேர்மன் கோறிங், பின்னாளில் ஹிட்லரின் விமானப்படைத் தலைவர். ஆக, கார்ல் குஸ்தாவுக்கு அவர் சித்தப்பா முறை.

படிப்பில் இளைஞருக்கு நாட்டம் இருக்கவில்லை. இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவதே அவருக்குப் பிரியம். மெக்கானிக்காகத் தொடங்கி, விமானம் ஓட்டப் பழகி, ஊரூராகச் சென்று வானத்தில் சாகசம் காட்டும் கூட்டமொன்றில் சேர்ந்தார். பிரபு வீட்டுப் பிள்ளைக்கு இது பெருமையான தொழிலாக எண்ணப்பட்டிருக்காது.

1935 ஒக்டோபரில் முசோலினியின் படைகள் எதியோப்பியாவுக்குள் புகுந்தன. அந்நாட்டுக்குச் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் மருத்துவக் குழுவொன்றை அனுப்பியது. வொன் றோசன் அதன் அம்புலன்ஸ் விமானத்தின் விமானியாகச் சென்றார். அங்கே கண்டவை அவரை மாற்றிவிட்டன. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் திகதி மெல்கா டிடா என்ற இடத்திலிருந்த சுவீடன் செஞ்சிலுவை மருத்துவமனை மீது இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. படுக்கையில் கிடந்த நோயாளிகள் பலர் மாண்டனர். சுவீடன் ஊழியர் ஒருவரும் உயிரிழந்தார். அடுத்த மார்ச்சில், சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியான மார்செல் யூனோ என்ற சுவிஸ் மருத்துவரை ஏற்றிக்கொண்டு வொன் றோசன் கொரேம் என்னுமிடத்துக்குப் பறந்தார். தரையில் நின்ற அந்த விமானத்தை, அதன் செஞ்சிலுவைச் சின்னத்தையும் பொருட்படுத்தாது, இத்தாலியர் குண்டு வீசி அழித்தனர். வானிலிருந்து தூவப்பட்ட நச்சுவாயுவால் தோல் வெந்த எளிய மக்கள் சிகிச்சை தேடி வந்த காலம் அது. இத்தாலி கத்தோலிக்க நாடு என்பதை இவ்விடத்தில் நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டும்.

காயப்பட்டோரைத் தூக்கிச் செல்லும் விமானம் தன்னைத் தானே காக்க வழியின்றி எரிந்துபோனதை இந்த 26 வயது இளைஞர் கண்ணாரக் கண்டார். பின்னாளில் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்ள, கொரேமில் எரிந்த அந்த விமானத்தை மனதில் வைத்திருப்பது நல்லது.

போர் முடிந்தபின் ஒல்லாந்தின் கே.எல்.எம். விமான நிறுவனத்தில் பயணிகள் விமானம் ஓட்டினார். 1939 நவம்பர் 30ஆம் திகதி சோவியத் ஒன்றியம் சின்னஞ்சிறு பின்லாந்தைத் தாக்கியது. சுவீடன் அரசு போரில் இறங்கவில்லை. ஆனால் விரும்பியவர்கள் செல்லத் தடையும் இருக்கவில்லை. 12 சண்டை விமானங்களோடும் சில இலகு குண்டுவீச்சு விமானங்களோடும் சுவீடன் தொண்டர் விமானப்படையொன்று 1940 ஜனவரியில் பின்லாந்தின் வடபகுதிக்குச் சென்று, உறைந்த பனிக்கட்டியையே ஓடுபாதையாகக் கொண்டு அப்பகுதி வானத்தைக் காத்தது. டென்மார்க்கிலிருந்தும் விமானிகள் வந்தார்கள். சில மாதங்களில் டென்மார்க்கும் நோர்வேயும் ஜேர்மனியிடம் வீழ்ந்தன. அப்போது அந்நாட்டு இளைஞர்கள் பலர் தப்பிச் சென்று, கனடாவின் ரொறன்ரோவில் நோர்வே அமைத்த பயிற்சி முகாமிலும் பிரித்தானிய விமானப்படையிலும் சேர்ந்தார்கள். அந்நிய வானத்தில் பறப்பது வடநாட்டு இளைஞர்களுக்கு அக்காலத்தில் அபூர்வமாக இருக்கவில்லை.

வொன் றோசன் அந்தத் தொண்டர் படையோடு சேராமல் நேரே பின்லாந்து விமானப்படையில் இணைந்தார். வெறுங்கையோடு செல்லவில்லை. 14 பயணிகள் அமரக்கூடிய டி.சி. 2 ரக விமானமொன்றையும் பெற்றுக் கொண்டுபோனார். பயணிகள் உல்லாசமாகச் செல்லும் அந்த விமானத்தில் குண்டு தாங்கிகளும் இயந்திரத் துப்பாக்கியும் பொருத்தப்பட்டன. தந்தை கொடுத்த அதே நீலச் சின்னம் அதன் இறக்கையிலும் இருந்தது. இத்தனை ஏற்பாடும் செய்து அது குண்டு வீசச் சென்றது ஒரே ஒரு இரவுதான். மார்ச் 13ஆம் திகதி சமாதானம் வந்துவிட்டது. (அந்த விமானம் பின்னர் நெடுங்காலம் பின்லாந்து நகரமொன்றில் கோப்பிக்கடையாக நின்று, இன்று காட்சிப் பொருளாகப் பேணப்படுகிறது. போர்க்கருவிகளுக்கு இப்படியொரு முதுமை கிடைப்பது அரிது.)

அதன்பின் ஜேர்மனியை எதிர்த்துப் பிரித்தானிய விமானப்படையில் சேர விண்ணப்பித்தார். கோறிங்கின் மருமகனை நம்புவதற்கு அங்கே எவரும் ஆயத்தமாக இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

உலகப் போர் ஓய்ந்ததும் எதியோப்பியச் சக்கரவர்த்தி ஹைலே செலாசி, தமது நாட்டுக்கு ஒரு விமானப்படையை உருவாக்கித் தருமாறு இவரை அழைத்தார். 1956 வரை அங்கே இருந்து, எதியோப்பிய இளைஞர்களை விமானிகளாக்கினார். 1947 மே மாதத்தில், சுவீடனில் செய்யப்பட்ட ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானமொன்றை ஸ்ரொக்ஹோமிலிருந்து அடிஸ் அபாபா வரை எங்குமே இறங்காமல் ஓட்டிச் சென்றார். தூரம் 6,220 கிலோமீற்றர். நேரம் 30 மணி 52 நிமிடம். அத்தனை நேரமும் சிறியதோர் ஆசனத்தில் ஒடுங்கியிருந்து ஓட்டிய இந்த மனிதரின் உடலுறுதியைக் கண்டு வியக்கத்தான் வேண்டும்.

பின்பு சுவீடனின் டிரான்ஸ்எயார் என்ற வாடகை விமான நிறுவனத்தில் சேர்ந்தார். கொங்கோக் குழப்பத்தின்போது ஐக்கிய நாடுகளின் பணிக்காகவும் பறந்தார். 1961 செப்டெம்பரில் ஐ.நா. செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் பலியான விமானம் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததே. அன்று அதை ஓட்டியவர் வேறொருவர்.

இனிப் பயாஃப்ராவுக்கு வருவோம். 1967 மே 30ஆம் திகதி நைஜீரியாவின் கிழக்குப் பகுதி தனிநாடாகத் தன்னைப் பிரகடனம் செய்தது. அங்கு வாழ்ந்த இக்போ மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர். அயர்லாந்திலிருந்து வந்த பரிசுத்த ஆவி சபைக் குருமார் தலைமுறைகளாக உழைத்து வளர்த்த திருச்சபை அது. யூலையில் போர் மூண்டது. துறைமுகங்கள் வீழ்ந்தன, நாலாபுறமும் முற்றுகை. மரவள்ளிக்கிழங்கு கிடைத்தது, புரதம் தரும் மீனும் இறைச்சியும் கிடைக்கவில்லை. தலைமயிர் செம்பட்டையாகி, வயிறு ஊதி, கால் வீங்கிய குழந்தைகளின் படங்கள் 1968இன் நடுப்பகுதியில் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அப்போரில் இறந்தோர் பத்து இலட்சத்துக்கும் மேல் என்பர். இதைக் கூட்டிச் சொல்வோரும் குறைத்துச் சொல்வோரும் உண்டு. அவர்களுட் பெரும் பகுதியினர் பசியால் இறந்தவர்களே.

அந்த முற்றுகைக்குள் எஞ்சியிருந்த முக்கிய வாசல் ஊலி. அது விமான நிலையமல்ல; ஒனிற்சாவிலிருந்து ஒவேரிக்குச் செல்லும் பெருவீதியின் ஒரு துண்டை அகலப்படுத்தி ஓடுபாதையாக்கியிருந்தார்கள். ஆரம்பத்தில் ஆயுதங்களை ஏற்றிய வியாபாரியின் விமானங்களிலேயே உணவும் வாடகைக்கு ஏறிவந்தது. தரையிறங்குவதற்கான இரகசியக் குறியீடுகளும் அந்த ஆட்களிடமே இருந்தன. வொன் றோசனின் ஆகஸ்ட் பயணத்தின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. உணவு, ஆயுத வியாபாரியின் தயவின்றித் தன் சொந்த இறக்கையில் போக முடியும் என்பதை அவர் காட்டிவிட்டார். குறியீடுகளைப் பெற்றுச் செஞ்சிலுவைச் சங்கத்தாருக்கும் கொடுத்தார்.

அதன்பின் நடந்தது திருச்சபை வரலாற்றில் தனியாக எழுதப்பட வேண்டியது. டென்மார்க், நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் லூதரன் சபைகள் ஒன்றுகூடி விமானங்களைத் தந்தன. வொன் றோசன் அவற்றின் முதல் இயக்குநரானார். கத்தோலிக்கரின் கரித்தாஸ் நிறுவனமும் அவர்களோடு இணைந்தது. அமெரிக்க யூத நிறுவனமொன்றும் கைகொடுத்தது. இந்தக் கூட்டுத் திருச்சபை உதவிப் பணியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைப் பார்த்து, இது இயேசு கிறிஸ்துவின் விமானக் கம்பனி என்று விமானிகள் பகிடியாகச் சொல்வார்களாம். சாவோ தோமேயில் கரித்தாஸ் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் அருட்தந்தை அன்ரனி பைர்ன் என்ற பரிசுத்த ஆவி சபைக் குரு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து மூன்றாண்டுகளும் ஆகவில்லை. பிரிந்திருந்த சபைகள் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதே புதுமையாக இருந்த காலத்தில், ஒரே விமானத்தில் மூடை ஏற்றினார்கள்.

இரவு வந்தால் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கை அணைத்துக்கொண்டு வரும். மேலே நைஜீரியக் குண்டுவீச்சு விமானம் காத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். இறங்கும் விமானத்துக்காகச் சில விநாடிகள் ஓடுபாதை விளக்குகள் எரியும்; உடனே அணையும். அந்த ஒளியைப் பார்த்தே குண்டு விழும். இருளில் குருமார் லொறிகளோடு காத்து நின்று மூடைகளை இறக்குவிப்பார்கள். நோர்வேயிலிருந்து வந்த, உப்பிடாமல் குளிர்காற்றில் உலர்த்திய மீனே அக்குழந்தைகளுக்கு மருந்தாக அமைந்தது. திரும்பும் விமானங்களில் மிக நலிந்த பிள்ளைகளை ஏற்றி, காபோன் நாட்டுக்கும் சாவோ தோமேக்கும் கொண்டுசென்றார்கள். போர் முடியும் வரையில் சபைகளின் விமானங்கள் 5,314 தடவை பறந்து, ஏறக்குறைய 60,000 தொன் பொருட்களைச் சேர்த்தன. பறந்தவர்களுள் பலர் அந்த ஓடுபாதையின் அருகிலேயே மண்ணுக்குள் போனார்கள்.

இந்தப் பணியில் வொன் றோசன் நீடிக்கவில்லை. நாலு பேரோடு அனுசரித்து நடக்கத் தெரியாதவர். பயாஃப்ராவின் பக்கம் வெளிப்படையாக நின்றவர். சில வாரங்களில் பொறுப்பிலிருந்து விலக வேண்டியதாயிற்று. ஆனால் அவர் மனம் அங்கேயே இருந்தது. சந்தைகள் மீதும் மருத்துவமனைகள் மீதும் நைஜீரிய விமானங்கள் குண்டு வீசியதை அவர் கண்டிருந்தார். இன்று சோறூட்டும் குழந்தையை நாளைக்குக் குண்டுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி அவரை விடவில்லை. கொரேமில் எரிந்த விமானம் மீண்டும் எரிந்தது எனலாம்.

1969இல் சுவீடனில் செய்யப்பட்ட ஐந்து சின்ன விமானங்களை வாங்கினார். இருவர் அமரும் பயிற்சி விமானங்கள். எஞ்சின் 100 குதிரைவலு. அவற்றைக் காபோனுக்குக் கொண்டுவந்து, பச்சை வர்ணம் பூசி, இறக்கைக்கு ஆறாகப் பன்னிரண்டு ரொக்கெற்றுகளைப் பொருத்தினார்கள். மே 22ஆம் திகதி, சுவீடன் விமானிகளும் பயாஃப்ரா விமானிகளுமாக மரஉச்சிக்கு மேலே தாழப் பறந்து போர்ட் ஹாக்கோட் விமான நிலையத்தைத் தாக்கினர். தொடர்ந்த நாட்களில் பெனின், எனுகு ஆகிய விமான நிலையங்களும், உகெலி மின்நிலையமும் தாக்கப்பட்டன. தரையில் நின்ற போர்விமானங்கள் சேதமடைந்தன. எத்தனை என்பதில் இரு தரப்பாரின் கணக்கும் ஒத்துவரவில்லை. பயாஃப்ரா மக்கள் அந்தக் குருவி விமானங்களைத் தங்கள் பிள்ளைகள் என்று கொண்டாடினார்கள். நைஜீரியர் அவரைக் கூலிப்படையாளி என்றார்கள்.

இரண்டு வாரம் சென்றது. யூன் 5ஆம் திகதி, உணவேற்றி வந்த செஞ்சிலுவைச் சங்க விமானமொன்றை நைஜீரியச் சண்டை விமானம் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்தோர் எல்லாரும் மாண்டனர். செஞ்சிலுவைச் சங்கம் தன் பறப்புகளை நிறுத்திக்கொண்டது. சபைகளின் விமானங்கள் மட்டும் சிறிது தயங்கி, மீண்டும் இருளில் புறப்பட்டன.

வொன் றோசன் பறக்காதிருந்தால் அந்த விமானம் தப்பியிருக்குமா? உதவி விமானங்கள் அதற்கு முன்னரும் சுடப்பட்டே வந்தன. ஆகவே பழி முழுவதையும் அவர் தலையில் சுமத்துவது நீதியாகாது. ஆனால் வானத்தில் தாழப் பறந்து வருவது பால்மாவா, ரொக்கெற்றா என்று எதிரி ஐயுறக் காரணம் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். அந்த ஐயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் ஆயுதம் ஏந்தாத விமானிகளும், மீன் துண்டுக்காகக் காத்திருந்த பிள்ளைகளும். நீதியான யுத்தத்தின் நிபந்தனைகளைக் குருமடத்தில் நாங்கள் மனப்பாடமாகப் படித்திருக்கிறோம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இவருடைய செயலுக்குப் பொருத்திப் பார்த்தால், சில பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை. என் மனம் சாவோ தோமேயில் மூடை ஏற்றியவர்களின் பக்கமே சாய்கிறது. எனினும் அந்தக் குழந்தைகளை நேரில் கண்ட ஒருவரைக் காணாத நான் கண்டிக்கத் துணிய மாட்டேன்.

உணவே போரை நீடித்தது என்று குற்றஞ் சாட்டியோரும் இருந்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. அவ்வாண்டு யூலை இறுதியில் உகண்டாவுக்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், இரு தரப்புப் பிரதிநிதிகளையும் கம்பாலாவில் சந்தித்துச் சமாதானத்துக்கு முயன்றார், பலிக்கவில்லை. 1970 ஜனவரி 15ஆம் திகதி பயாஃப்ரா சரணடைந்தது. அங்கே நின்ற வெளிநாட்டுக் குருமாரும் கன்னியரும் கைதாகி, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, நாடு கடத்தப்பட்டார்கள். ஒவேரி ஆயரும் அவர்களுள் ஒருவர். அந்தத் திருச்சபை உள்ளூர்க் குருமாரின் கையில் தளிர்த்து, இன்று ஆபிரிக்காவிலேயே குருத்துவ அழைத்தல்கள் நிறைந்த இடங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

வொன் றோசன் மறுபடியும் எதியோப்பியாவுக்குப் போனார். 1974இல் அங்கே கொடிய பஞ்சம். வொல்லோ மாகாணத்து மலைக்கிராமங்களுக்கு வீதி இல்லை. சின்ன விமானங்களையே அவர் மறுபடியும் எடுத்தார். இறக்கையின் கீழ், ஆயுதம் தொங்கக்கூடிய அதே கொளுக்கிகளில் இம்முறை தானிய மூடைகளைத் தொங்கவிட்டார். பள்ளத்தாக்குகளுக்குள் தாழப் பறந்து, கிராமத்து வயல்களில் மூடைகளை விழுத்தினார். மூடை உடையாமல் விழ எவ்வளவு தாழ, எவ்வளவு மெதுவாகப் பறக்க வேண்டுமென்பதைப் போர்க்களத்தில் பழகிய கைகள் அறிந்திருந்தன.

அந்த ஆண்டு செப்டெம்பரில் சக்கரவர்த்தி பதவி இழந்தார். இராணுவ ஆட்சி வந்தது. பழைய நண்பர்கள் பலர் சிறைக்கும் கல்லறைக்கும் போனார்கள். இவர் அந்நாட்டு மக்களை விட்டுப் போகவில்லை. 1977 யூலை நடுப்பகுதியில், சோமாலிய எல்லைப் புறமான ஒகாடனில் கோடே என்ற ஊருக்கு உதவிப் பணி தொடர்பாகச் சென்று இரவு தங்கினார். யூலை 13ஆம் திகதி சோமாலியப் படைகள் அவ்வூரைத் திடீரெனத் தாக்கின. வாழ்நாளெல்லாம் வானத்தில் ஆபத்தைத் தேடிச் சென்றவர், தரையில் நின்றபோது கொல்லப்பட்டார். 68ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.